மைக்ரான் அக்காவும் தம்பியின் இரண்டு கண்களும்

அந்தக் கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் நிற்காத பக்கத்தில், ஒரு நீள அறை இருக்கிறது. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த சதைத் துணுக்குகள் அங்கேதான் குப்பிகளில் வந்து சேரும். அவற்றை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டர்களிடம் கொடுப்பது அவள் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதைச் செய்கிறாள். எல்லோருக்கும் அவள் மைக்ரான் அக்கா. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக அவள் பெரிய டாக்டர்களிடமே சண்டைக்கு நிற்பாள்.

"நாலு மைக்ரான்ல சீவச் சொன்னீங்க, நாலுல சீவியிருக்கேன். இப்ப வந்து மூணுன்னா நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?" என்பாள். எதிரில் நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த குப்பியை எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பாள்.

எரிச்சல் அவளோடு கூடப்பிறந்தது. கூடப்பிறந்த இன்னொன்று அவளுடைய தம்பி. இரண்டில் எது அவளை அதிகம் படுத்தியது என்று கேட்டால் யோசிக்காமல் தம்பி என்றுதான் சொல்லுவாள்.

அந்த வருடம் அவளுக்கு வாய்த்த வேலையும் எரிச்சலை வளர்க்கிற வேலைதான். ஆராய்ச்சி டாக்டர் ஒருத்தி வந்திருந்தாள். சின்ன வயது, நல்ல படிப்பு, பேச்சில் அவசரம். கண் அழுத்த நோய்க்காகப் பொருத்தும் தகடுகளைச் சுற்றிக் கண்ணின் சதை எப்படி வளர்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி.

நம் கண்ணுக்குள் எந்நேரமும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அது வடிகிற வழி மக்கர் பண்ணினால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால், வெள்ளை விழியின் மேல், இமைக்குள் மறைகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தகட்டைத் தைத்து, அதிலிருந்து நூல் போன்ற ஒரு குழாயைக் கண்ணுக்குள் விடுவார்கள். நீர் குழாய் வழியாக வந்து தகட்டின் மேல் பரவி, சுற்றியுள்ள சதையில் ஊறிப் போய்விடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்புக்குத் தகடு என்றால் என்ன தெரியும்? யாரோ வெளியாள் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டான் என்று அது சுற்றிலும் நாரால் ஓர் உறை கட்டத் தொடங்கிவிடும். தகட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள்ளும் நார் நுழைந்து, மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் ஆணி அடித்தாற்போல் பிணைத்துவிடும். அந்தச் சுவர் தடித்துப்போனால் நீர் ஊறாது. அழுத்தம் பழையபடி ஏறும். அப்படித் தோற்றுப்போன தகடுகளைச் சுற்றியிருந்த உறைதான் குப்பிகளில் அவளிடம் வந்தது.

சில குப்பிகளில் தகடும் உறைக்குள்ளேயே இருக்கும். பார்க்காமல் சீவினால் கத்தி போச்சு. ஒரே வாரத்தில் மூன்று கத்தி போயிற்று.

"தகட்டை உருவிட்டு அனுப்புங்கன்னு எத்தன தடவ சொல்றது டாக்டர்? இது என்ன கேக்கா, நடுவுல முந்திரி வெச்சு அனுப்பறதுக்கு?"

ஆராய்ச்சி டாக்டர் சிரித்துவிட்டாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சாயம் ஏற்றினால் நார் நீலமாகத் தெரியும். மைக்ரான் அக்கா அந்த நீலப் பட்டையின் தடிமனைப் பத்து இடத்தில் அளந்து எழுதிக் கொடுப்பாள். முந்நூறு, நானூறு, சிலதில் எழுநூறு. பார்க்கிற ஒவ்வொரு நீலமும் அவளுக்கு யாரோ ஒருவரின் பார்வை போன கதைதான். தோற்றவை மட்டும்தான் தன்னிடம் வருகின்றன என்பது அவளுக்குத் தெரியும். நன்றாக வேலை செய்கிற தகட்டை யாரும் வெட்டி அனுப்ப மாட்டார்கள். புத்திக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரிய வேண்டுமே.

ஏனென்றால் ஏழு வாரத்துக்கு முன்னால், அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில், அவளுடைய தம்பியின் இடது கண்ணில் அப்படி ஒரு தகட்டைத் தைத்திருந்தார்கள்.

தம்பிக்கு நாற்பத்தாறு வயது. ஒரு குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பெட்டி அடுக்கிய பலகைகளை இரும்புக் கைகளில் தூக்கி, ஆறு தட்டு உயரத்துக்கு ஏற்றி வைக்கிற வண்டி அது. பத்தொன்பது வருடமாக அதில்தான் அவன் ராஜா. இடது பக்கம் இரண்டு தடவை இரும்புத் தூணில் உரசிய பிறகுதான் கண் பரிசோதனைக்கே வந்தான். அதுவும் அக்கா காதைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்ததால்.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரம் இடது கண்ணின் அழுத்தம் பதினொன்று. இருபதைத் தாண்டாமல் இருந்தாலே நல்லது என்கிற இடத்தில் பதினொன்று. தம்பி பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஏழாவது வாரம் அழுத்தம் முப்பத்தொன்று ஆனது.

"குழாய் அடைச்சுக்கிச்சு. கழட்டிப் போட்டுடச் சொல்லு," என்று நடைபாதையிலேயே குதித்தான்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அமைதியான மனிதர். "குழாய் நல்லாத்தான் இருக்கு. தகட்டைச் சுத்தி உறை கட்டற காலம் இது. இந்த நேரத்துல அது தடிச்சு வீங்கித்தான் இருக்கும். நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துல அழுத்தம் இப்படி ஏறும். கொஞ்ச மாசம் சொட்டு மருந்தால அடக்கி வெச்சா உறை இளகி, நீர் ஊற ஆரம்பிக்கும்," என்றார். பிறகு நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்ல முடியாது."

காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டே சொட்டு. அடுத்த வாரம் போனபோது முப்பது. மைக்ரான் அக்கா அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அறைக்குத் திரும்பினாள். மேஜையில் இருந்த எழுநூறு மைக்ரான் ஸ்லைடை எடுத்துப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள். பயம் வந்தால் அவளுக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். யார் மேலாவது கோபப்பட வேண்டும். மருந்து மேல் கோபப்பட்டாள், டாக்டர் மேல் பட்டாள், அந்தத் தகட்டைக் கண்டுபிடித்தவன் மேலும் பட்டாள். அப்புறம்தான் தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. முப்பது என்று சொன்னபோது அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

தம்பியின் வீடு இரண்டு தெரு தள்ளி. நேராகப் போய்த் தம்பி மனைவியைக் கேட்டாள்.

"மருந்து போடறானா?"

"போடறார் அண்ணி. காலைலயும் சாயங்காலமும் பாத்ரூமுக்குள்ள போய்க் கண்ணாடி பாத்துப் போட்டுக்கறார்."

"நீ பாத்தியா?"

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கறாரே."

"சொட்டு மருந்துக்கு எதுக்குடி தாழ்ப்பாள்?"

தம்பி மனைவி விழித்தாள். பாவம், அவளுக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, காலாவதித் தேதி பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி மருந்துக் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அவள் அறையில் சாயப்பொடி நிறுக்கிற தராசு உண்டு. மூச்சு விட்டால்கூட எண் மாறும் தராசு. கண்ணாடிக் கதவை மூடிக் குப்பியை நிறுத்து, எண்ணைக் கையிலேயே எழுதிக்கொண்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான்கு நாள் கழித்து வேறொரு சாக்கு. திரும்ப நிறுத்தாள். எட்டு சொட்டு குறைந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. கடைசி எண் வரை அப்படியே நின்றது.

ஆராய்ச்சி டாக்டர் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா நிறுக்கறீங்க?" என்றாள்.

"ஒருத்தனோட லட்சணத்தை நிறுக்கறேன்."

அன்று மாலையே தம்பியை மருத்துவமனைக்கு வரச் சொன்னாள். வந்தான். வாசலிலேயே கேட்டுவிட்டாள். முதலில் மறுத்தான். தராசு எண்ணைக் காட்டியதும் குரல் இறங்கியது.

"மூடி இறுக்கமா இருந்துச்சுக்கா. சொட்டு சின்னச் சின்னதா விழுந்திருக்கும்."

"எவ்வளவு சின்னது? காத்து அளவுக்கா?"

தம்பி தோளில் மாட்டியிருந்த பையை அடுத்த தோளுக்கு மாற்றினான்.

"வாயைத் தொறடா. கண்ணு உன்னுது. எனக்கு என்ன வந்துச்சு?"

கடைசியில் அவன் சொன்னதைக் கேட்டு அவளுக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த மாதம் அவன் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்புகிறவர்கள் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒன்பதாவது கேள்வி: தற்போது கண்ணுக்கு மருந்து ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? ஆம் என்று எழுதினால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

"பொய் எழுத எனக்குக் கை வராதுக்கா. அதான் நிறுத்திட்டேன். இல்லைன்னு எழுதினா உண்மையாத்தான் இருக்கும்."

"பொண்டாட்டிகிட்ட பாத்ரூமைத் தாழ் போட்டு நடிக்கலாம். டாக்டர்கிட்ட தலையாட்டலாம். ஃபார்ம்ல மட்டும் நீ அரிச்சந்திரனாக்கும்!"

தம்பி சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

"உடம்பே அதை ஒத்துக்கலைங்கறாங்க. சுத்திச் சுவர் கட்டுதாம். அப்பறம் நான் மருந்து போட்டா மட்டும் என்ன ஆயிடப் போகுது?" என்றான். அந்தக் குரலில் இருந்தது வீம்பு இல்லை, பயம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

"வா. சுவர் சுவர்ங்கறியே, அது என்னன்னு ஒரு தடவை உன் கண்ணால பாரு."

மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை வைத்தாள். தடித்ததை வைக்கவில்லை. குழாய் நழுவியதால் கழற்றிய ஒரு தகட்டின் உறை, இருப்பதிலேயே மெல்லியது. உட்பக்கம் நெருக்கமில்லாத மென்மையான நார், வெளிப்பக்கம் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள், நடுவில் ஒழுங்காகப் படிந்த நீல இழைகள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? இந்தச் சுவரே இல்லைன்னா தண்ணி மொத்தமும் ஒரே நாள்ல கொட்டிக் கண்ணு தொளதொளன்னு ஆயிடும். சில வகைத் தகட்டுல சுவர் கட்டற வரைக்கும் குழாயை நூல் போட்டுக் கட்டியே வெக்கறாங்க. ஆறு வாரம் கழிச்சு நூல் தானா கரையும். அதுக்குள்ள சுவர் வந்துடணும். தண்ணி இதுல ஊறித்தான் வெளிய போகணும். சுவர் வேணும்டா. அளவோட வேணும். மருந்து போட்டா உள்ள ஊறற தண்ணி கொறையும், சுவரை முட்டற முட்டு கொறையும். முட்ட முட்டத்தான் அது தடிக்குதுன்னு சொல்றாங்க. புரியுதா?"

தம்பி குனிந்தான். இடது கண் இன்னும் உறுத்திக்கொண்டிருந்ததால் வலது கண்ணைத்தான் வைத்துப் பார்த்தான். வலது கண் நல்ல கண். அவனும் அப்படித்தான் சொல்லுவான், வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

"அழகாத்தான் இருக்கு," என்றான். பிறகு, "ஆனா வட்டம் ஏன் பாதி வெட்டின மாதிரி இருக்கு?"

"எந்த வட்டம்?"

"நீ காட்டற வெளிச்ச வட்டம்தான். கீழ உருண்டையா இருக்கு. மேல மூக்குப் பக்கமா ஒரு துண்டு காணோம்."

தலையைச் சரியாக வைக்கவில்லை என்று நினைத்து அவன் நெற்றியைப் பிடித்து நகர்த்தினாள். அப்படியேதான் இருக்கிறது என்றான். அவளே குனிந்து பார்த்தாள். முழு வட்டம். பார்க்கிற குழலைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். விளக்கைக் கூட்டினாள். "இப்ப?" "அப்படியேதான் இருக்கு." அவள் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உன் ஃபைல் எங்க?"

ஃபைல் அவன் பையிலேயே இருந்தது. பதினொரு மாதத்துக்கு முந்தைய பார்வைப் பரப்புச் சோதனைத் தாளைத் தேடி எடுத்தாள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்குகிற சோதனை அது. இடது கண்ணுக்கான படம் இருந்தது. வலது கண்ணுக்கான இடத்தில் படம் இல்லை. யாரோ கையால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: நோயாளி எழுந்து போய்விட்டார், மறுபடி செய்யவும்.

"எழுந்து எங்கடா போனே?"

"டீ குடிக்க," என்றான் தம்பி. "ஒரு கண்ணுக்கே அரை மணி நேரம் ஆச்சுக்கா. அது நல்ல கண்ணுதானே..."

மைக்ரான் அக்கா ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவனைத் திட்ட இருபத்து நான்கு வருடச் சொற்கள் அவளிடம் சேர்ந்து கிடந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அவனைவிட, அந்த வரியை எழுதிவிட்டுப் பேசாமல் ஃபைலை மூடியவர் மேல் கோபம் வந்தது. அதைத் திறந்து பார்க்காமல் அடுத்த அறைக்கு அனுப்பியவர்கள் மேல் வந்தது. இத்தனை வருடம் இதே கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளும் அந்த ஃபைலைப் புரட்டாத தன் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. ஊரார் கண்ணையெல்லாம் நாலு மைக்ரானில் பார்த்தாயே, இதைப் பார்த்தாயா?

மறுநாள் சோதனை நடந்தது. அரை மணி நேரமும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு அவளே உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் மேல் பாதியில், மூக்கை ஒட்டி, ஒரு பெரிய துண்டு ஏற்கெனவே போயிருந்தது. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து மேல் தட்டை அண்ணாந்து பார்க்கும்போது எந்த இடம் தேவையோ அந்த இடம். போன வருடம் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை அவன் இடித்துத் தள்ளியிருந்தான். கீழே யாரும் இல்லாதது அதிர்ஷ்டம். அன்று இடது கண் மேல் பழி போட்டுவிட்டான்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. "போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். ரெண்டு கண்ணுக்கும் மருந்து. வண்டி வேண்டாம்," என்றார்.

தம்பி மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாலாவது நாள் அவனாகவே கிடங்குக்குப் போய், படிவத்தில் ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அவளிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. தம்பி மனைவிதான் ஃபோனில் சொன்னாள். "வந்து செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்துட்டார் அண்ணி. குளிர்ல போடற அந்தக் கோட்டையும் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கார்."

அன்று மைக்ரான் அக்கா பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

கிடங்குக்காரர்கள் அவனை விடவில்லை. எந்த லாரியில் எந்தப் பெட்டி ஏற வேண்டும் என்று பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். வாசலை ஒட்டிய சின்ன அறை, ஒரு மேஜை. முதல் மாதம் முழுக்க, புதிதாக வண்டி ஓட்ட வந்தவன் எப்படித் தப்புத் தப்பாகத் திருப்புகிறான் என்பதைத் தவிர அவன் வேறெதுவும் பேசவில்லை. பட்டியலில் ஒரு பிழை இருந்தாலும் லாரியை நகர விட மாட்டானாம். அதைக் கேட்டு ஆராய்ச்சி டாக்டர், "ரத்தம் பேசுது," என்றாள். மைக்ரான் அக்கா அவளை முறைத்தாள்.

மருந்து விஷயத்தில் மைக்ரான் அக்கா யாரையும் நம்பவில்லை. காலை ஏழரைக்கு, வேலைக்குப் போகும் வழியில், தம்பி வீட்டுச் சமையலறை நாற்காலியில் அவனை உட்கார வைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லித் தன் கையாலேயே போட்டாள். மாலையில் அது தம்பி மனைவியின் பொறுப்பு. பாத்ரூம் தாழ்ப்பாளை முதல் நாளே அக்கா திருப்புளியால் கழற்றிவிட்டாள். "குளிக்கறப்போ என்ன பண்றது?" என்று தம்பி கேட்டதற்கு, "பாடிக்கிட்டே குளி," என்றாள்.

மூன்றாம் மாதம் இடது கண்ணில் இருபத்து நான்கு. நாலாம் மாதம் இருபது. ஆறாம் மாதம் பதினாறு, வலது கண்ணில் பதினான்கு. டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, தகட்டின் மேல் உறை தாழ்ந்து பரவலாக இருக்கிறது, நீர் ஊறுகிறது என்றார். மருந்தை மட்டும் நிறுத்த முடியாது, அநேகமாக என்றைக்குமே நிறுத்த முடியாது. தம்பி சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று அக்கா பக்கவாட்டில் பார்த்தாள்.

அவனுடைய அந்த உறை எத்தனை மைக்ரான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தன் மேஜைக்கு அது ஒரு நாளும் வரக் கூடாது என்பதைத் தவிர அதைப் பற்றி அவளுக்கு வேறு கருத்து இல்லை. ஆராய்ச்சி டாக்டர் அறிக்கையை எழுதி முடித்தபோது, "இது எல்லாமே தோத்த கண்ணுங்களோட கணக்குன்னு முதல் பக்கத்துலயே பெருசா போடுங்க. படிக்கறவங்க பயந்துடப் போறாங்க," என்று மட்டும் சொன்னாள். டாக்டர் போட்டாள்.

எட்டாம் மாதத்திலிருந்து மருந்தைத் தம்பியே போட்டுக்கொள்ள விட்டார்கள். அது தப்பு என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள். ஏனென்றால் அன்றிலிருந்து தினமும் காலையில், அவள் கையில் கத்தியும் எதிரில் மெழுகுமாக இருக்கிற நேரம் பார்த்து, ஃபோன் அடிக்கும்.

"அக்கா, ஒரு சொட்டு கன்னத்துல வழிஞ்சிடுச்சு. அது கணக்குல சேருமா?"

"கண்ணுக்குள்ள விழுந்துச்சா இல்லையா?"

"பாதி விழுந்துச்சு."

"பாதியாவது, முக்காலாவது! திரும்பப் போடுடா!"

"திரும்பப் போட்டா ஒன்றரை ஆயிடுமே?"

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சீவுவதற்காகக் குளிர வைத்த மெழுகுத் துண்டு சூடேறி இளகுவதைப் பார்த்தபடி, மைக்ரான் அக்கா அவனுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள்.